லூர்துமேரி கழுவிய பாட்டில்கள்

செலின் அக்காவின் அழைப்பு வந்தபோது தோசைக்கல்லில் மாவை ஊற்றியிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். மலைமேல் ரிங்லெட்டிலிருந்து அந்த நேரத்தில் யார் கூப்பிடப் போகிறார்கள், லூர்துமேரிதான், லீவை இன்னும் இரண்டு நாள் நீட்டிக்கக் கேட்பாள் என்று நினைத்து, எடுத்த எடுப்பிலேயே, "அதெல்லாம் முடியாது, திங்கட்கிழமை வந்து சேர்" என்றேன். மறுமுனையில் அவளுடைய அக்கா பேசினார். "மேரி போயிட்டா டாக்டர். விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னா. காருல ஏத்தி டவுனுக்குப் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு." தோசை கருகியது. அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ரிங்லெட்காரர்களே, உங்களுக்கு அவள் சவரிமுத்துவின் இளைய மகள், தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை வீட்டில் வளர்ந்த மேரி, கோயில் பாடல் குழுவில் பின்வரிசையில் நின்று தாளம் தப்பிப் பாடுகிறவள். எனக்கு அவள் பதினான்கு வருடம் என்னோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவள். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீங்களும் எழுதித் தாருங்கள் என்று செலின் அக்கா கேட்டார். கேட்டதோடு இன்னொன்றும் சொன்னார். "அவ கீழ அங்க என்ன வேலை செஞ்சான்னு எங்க யாருக்குமே தெரியாது டாக்டர். கேட்டா, பாட்டில் கழுவுறேன்னு சொல்லிச் சிரிப்பா. அவ்வளவுதான்லா."

பாட்டில் கழுவுகிறேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் முதலில் அவள் செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செலின் அக்கா கேட்டது அதைத்தான்.

ஒரு தலைமுடியை ஆயிரம் கீற்றாகக் கிழிக்க முடிந்தால், அதில் ஒரு கீற்று எவ்வளவு மெலிசாக இருக்குமோ அவ்வளவு மெலிசான கம்பிகளை நாங்கள் வளர்த்தோம். நானோ கம்பி என்று பெயர். வளர்த்தோம் என்றால் நிஜமாகவே வளர்த்தோம். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் துத்தநாகச் சேர்மத்தை விதைபோலப் பூசி, கொதிநிலைக்குக் கொஞ்சம் குறைவான சூட்டில் ஒரு கரைசலுக்குள் சில மணி நேரம் வைத்தால், புல் முளைப்பதுபோல முளைக்கும். பிறகு அந்தக் கம்பிகளின் மேல் அதைவிடச் சின்னஞ்சிறு வெள்ளித் துகள்களை உட்கார வைக்க வேண்டும். கம்பி ஒரு பொருள், துகள் இன்னொரு பொருள். இரண்டும் சேர்ந்த பிறகு, தனித்தனியாக இருந்தபோது செய்ய முடியாத காரியத்தைச் செய்யும். காய்கறி கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டை அந்தத் தகட்டில் விட்டு ஒளியைப் பாய்ச்சினால், அடித்த பூச்சிமருந்தில் துளி மிச்சமிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். மலையில் பிறந்தவர்களுக்கு இதன் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

மேரி சேர்ந்த புதிதில் நாங்கள் கம்பிகளோடு அல்ல, கரிக் குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அவையும் அதே அளவுக்குச் சின்னவை, உள்ளே வெறும் துளை. அவற்றின் மேல் வெள்ளி ஒட்டவே ஒட்டாது. எதைப் போட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்த் தனியே திரண்டுவிடும். குழாய்களை முதலில் அமிலத்தில் போட்டுக் கொஞ்சம் அரிக்க விட்டால் பிடிப்பு வரும் என்று நான் விளக்கியபோது, மேரி தலையை ஆட்டிவிட்டுச் சொன்னாள்: "வழவழன்னு இருந்தா எங்க ஒட்டும் டாக்டர்? கொஞ்சம் சொரசொரப்பு வேணும். அதான் உங்ககிட்ட எல்லாரும் ஓடிப்போயிட்டாலும் நான் ஒட்டிக்கிட்டிருக்கேன்." என் முகத்துக்கு நேரே அப்படிச் சொல்ல அந்தக் கட்டடத்தில் வேறு எவருக்கும் துணிச்சல் கிடையாது. எனக்கு வாய் நீளம், கோபம் மூக்கின் நுனியில். அதற்கு முன் இருந்த மூன்று உதவியாளர்கள் வருடம் திரும்புவதற்குள் விலகிப் போயிருந்தார்கள்.

தேயிலையைக் கொண்டுவரலாம் என்பது அவளுடைய யோசனை. வெள்ளி உப்பைத் துகளாக்க நாங்கள் கடுமையான ரசாயனம் ஒன்றைப் பயன்படுத்திவந்தோம். அதன் வாடை அவளுக்கு ஆகாது, தலை சுற்றும். தேயிலையின் துவர்ப்பிலும் அதே குணம் இருக்கிறது என்று எங்கோ படித்துவிட்டு வந்து, "எங்க தோட்டத்துப் பச்சைக் கொழுந்தை வேகவச்சு ஊத்திப் பாப்போமா?" என்றாள். சரி, அதையும் பார்த்துவிடலாம் என்றேன், நம்பிக்கையில்லாமல். தோட்டத்து மானேஜரிடம் அவளே பேசி அனுமதி வாங்கினாள். செலின் அக்கா கையால் பறித்துக் கொடுத்த கொழுந்தைக் கூடையில் போட்டு, மேலே ஈரத்துணி மூடி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மலை இறங்கி வந்தாள். அன்றைக்குச் செய்த மாதிரியை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு கம்பியிலும் வெள்ளித் துகள்கள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் உட்கார்ந்திருந்தன. மேரி திரையில் விரல் வைத்து எண்ணினாள். "செபமாலை டாக்டர்! பாருங்க, பத்து மணி சரியா இருக்கு!"

அதற்குப் பிறகுதான் சனியன் பிடித்தது. மறுபடி செய்தோம், வரவில்லை. இன்னொரு தடவை, அதுவும் வரவில்லை. மூன்றாவது முறை துகள்கள் கட்டி கட்டியாகத் திரண்டு கிடந்தன, கொய்யாக் கிளையில் மாவுப்பூச்சி பிடித்ததுபோல. அதே கம்பி, அதே வெள்ளி உப்பு, அதே தோட்டம், அதே செலின் அக்கா பறித்த இலை. ஒரே ஒரு மாற்றம் நான் செய்திருந்தேன், ஆனால் அதை நான் மாற்றமாகவே எண்ணவில்லை. "கூடையை மடியில் வைத்துக்கொண்டு வர நீ என்ன கல்யாணச் சீரா கொண்டுவருகிறாய்? மூட்டை கட்டி, காய்கறி லோரியில் போட்டு அனுப்பச் சொல்" என்று உத்தரவு போட்டிருந்தேன். அவளும் அப்படியே செய்தாள்.

எங்கள் திட்டத்தின் காலக்கெடு முடிய இரண்டு மாதம் இருந்தது. ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளிவந்தால் திட்டம் நீடிக்கும். இல்லையென்றால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். நான் நிரந்தர வேலையில் இருந்தேன், எனக்குக் கெட்டுப்போவது பெயர் மட்டும். மேரி ஒப்பந்தத்தில் இருந்தவள், திட்டம் நின்றால் அவளுக்கு வேலையே கிடையாது. இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் அந்த ஒரு நல்ல படத்தை மட்டும் வைத்துக் கட்டுரையை எழுதி முடித்தேன். செய்முறைக் குறிப்பேட்டில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "ஒரு தடவ வந்தது வரம் டாக்டர். மூணு தடவ வந்தாத்தான் வேலை."

"உன் வேலைக்காகத்தான் இதைச் செய்கிறேன், புரிகிறதா?"

"புரியுது டாக்டர். ஆனா நாலு தடவ செஞ்சோம், ஒரு தடவதான் வந்துச்சு. நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்கேன். வேற எவனாவது இதைப் படிச்சிட்டு அவன் ஊர்ல செஞ்சு பாப்பான். வரலைன்னா, தன் கைதான் சரியில்லைன்னு நெனச்சுக்குவான். அது பாவம் இல்லையா?"

அப்போது நான் சொன்னேன். கூடத்தில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பாட்டில் கழுவுகிறவள் நீ. உனக்கு என்ன தெரியும் ஆராய்ச்சியைப் பற்றி?"

அவள் குறிப்பேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை நான் போனபோது பாட்டில்கள் எல்லாம் வழக்கம்போலக் கழுவி, வெள்ளைத் துணியில் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அதைப் பார்த்து எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது.

கட்டுரையை நான் அனுப்பவில்லை. நேர்மையால் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நோட்டில் அவள் எழுத்து இருக்கிறதே என்ற பயத்தால்தான். திட்டம் நின்றது. மேரி தன் குவளையையும் குடையையும் எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிவிட்டு, என்னிடமும் "வரேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டாள். கியா பார்ம் சந்தையில் ஒரு ஸ்ட்ராபெரி கடையில் நிற்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

ஆறு மாதம் தாங்கினேன். தூங்க முடியவில்லை. ஒரு தடவை ஏன் வந்தது, மற்ற தடவைகள் ஏன் வரவில்லை? அவளை அவமானப்படுத்தியதற்காகத் தூக்கம் போயிற்று என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல, விடை தெரியாததால்தான் போயிற்று. கடைசியில் ஒரு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கடையில் அவள் சோளம் அவித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாங்க டாக்டர், பழம் இனிப்பா இருக்கு" என்றாள், நேற்றுப் பார்த்தவளைப்போல. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "கொழுந்து கொஞ்சம் வேண்டும்" என்றுதான் வந்தது. கடைக்காரரிடம் அரைநாள் லீவு கேட்டு என்னோடு வந்தாள்.

சனிக்கிழமைச் சுற்றுலாக் கூட்டம், வழியில் பிரிஞ்சாங்கில் வண்டிகள் நகரவே இல்லை. ரிங்லெட் போய்ச் சேரும்வரை நாங்கள் ஸ்ட்ராபெரி விலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. செலின் அக்கா அன்று வேலை முடிந்து கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் கொழுந்தைக் கத்தரியால்தான் வெட்டுகிறார்கள், ஆனாலும் எனக்காக மறுபடி கையாலேயே பறித்துக் கொடுத்தார். நான் ஒரு பிளாஸ்டிக் பையில் இலையைத் திணி திணியென்று திணித்து, வாயைச் சுருக்கிக் கட்டி, காரின் பின்னால் போட்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்று அக்கா பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வழியனுப்ப வந்தவர் பையைப் பார்த்துவிட்டார்.

"ஐயையோ! யாரு இப்படி அமுக்கிக் கட்டுனது? இலை வெந்துருமே! இதைப் பாத்தா வேலை வாங்குற மண்டோர் காதைத் திருகிருவாரு!"

அவர் கட்டை அவிழ்த்தார். மேரி கையைப் பைக்குள் விட்டாள். விட்ட கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "டாக்டர், கையை விட்டுப் பாருங்க."

விட்டேன். உள்ளே காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்துபோலச் சுட்டது. நடுவில் இருந்த இலைகள் அப்போதே செம்பழுப்பாகத் தொடங்கியிருந்தன.

பறித்த இலைக்கு மூச்சு உண்டு, அமுக்கிக் கட்டினால் சூடேறி உள்ளிருக்கும் துவர்ப்பு மாறிவிடும் என்பது கொழுந்து எடுக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கூடையில் இலையை அமுக்கினால் திட்டு விழும். நான்கு மணி நேரம் லோரியில் மூட்டைக்குள் வெந்த இலையைத்தான் நாங்கள் வெள்ளி உப்பில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம். முதல் தடவை மட்டும் அவள் மடியில் காற்றாட வந்தது. எனக்குத் தெரியாது, சரி. மேரிக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அவள் தலையிலேயே அடித்துக்கொண்டாள். "எட்டு வயசுல அம்மா கூடையை அமுக்குனதுக்கு அடி வாங்குனவ நான்! லேப்புக்குள்ள வந்ததும் நான் தோட்டத்துக்காரின்றதையே மறந்துட்டேன் டாக்டர். இலையைக் கெமிக்கலா நெனச்சுட்டேன்." பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். செலின் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

"கிளம்பு, போகலாம்" என்றேன்.

"ஏன் டாக்டர், பாட்டில் கழுவ ஆள் கிடைக்கலையா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். அத்தோடு கணக்குத் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டேன் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நல்லது. இலை கூடையில், காற்றாட, மேரியின் மடியில் வந்தது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் செபமாலை. உறுதிக்கு நான்காவது தடவையும் செய்ய வைத்தாள். திட்டம் மறுபடி உயிர் பெற்றது, அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கட்டுரையில் என் பெயருக்கு அடுத்தது அவள் பெயர். அச்சான தாளைக் கையில் கொடுத்தபோது ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எழுத்துப் பிழை இல்லை" என்று மட்டும் சொன்னாள். வெந்த இலையை வைத்துச் செய்த தோல்விகளையும் அதில் எழுதியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்ததும் அவள்தான். பிற்பாடு எங்களுக்கு வந்த கடிதங்களில் பாதி அந்தப் பகுதிக்காகத்தான் நன்றி சொல்லின.

தகடு வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் முதலில் கொண்டுவந்தது செலின் அக்காவின் வீட்டுக்காரர் போட்ட முட்டைக்கோஸ். மருந்து மிச்சம் இருப்பதாகத் தகடு சொன்னது. உடனே போனைப் போட்டாள். "அத்தான், மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு? ரெண்டு வாரம் பொறுத்து வெட்டுங்க." அத்தான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லையாம். கோஸை மட்டும் இரண்டு வாரம் கழித்துத்தான் வெட்டினாராம்.

அடக்கத்துக்கு நான் வந்தபோது வாசலில் நின்ற ஒரு பெண், "இந்த டாக்டர்கிட்டதான் நம்ம மேரி பாட்டில் கழுவுச்சு" என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்தார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன். பூசை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு செலின் அக்கா மேரியின் வேதாகமத்திலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்துவந்தார். "ஆஸ்பத்திரிக் கடுதாசியா டாக்டர்? இங்கிலீஷுல இருக்கு." எங்கள் கட்டுரையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் முதுகோடு முதுகாக ஒட்டப்பட்டிருந்தன. முதல் பக்கத்தில் விரல் வைத்து அவள் பெயரைப் படித்துக் காட்டினேன். திருப்பி, நன்றி சொல்லும் இடத்தில் இருந்த வரியையும் படித்தேன். பச்சை இலையைத் தந்து, அதை அமுக்காமல் கட்ட வேண்டும் என்று கற்றுத் தந்த செலினுக்கு நன்றி. அந்த வரியை எழுதியது மேரி.

"என் பேரா? நெசமாவா?" அக்கா தாளை மார்போடு சேர்த்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லலையே இந்தப் புள்ள!"

அந்த வரியை அக்காவுக்குப் படித்துச் சொல்ல எனக்கு வாய்த்ததற்கு நான் நன்றியுள்ளவளாக இருக்கிறேன். மேரியிடம் சொல்லாததை அக்காவிடம் அன்றே சொன்னேன், அந்தப் பாட்டில் வார்த்தை என்னுடையது என்று. செலின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ அதைச் சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவா டாக்டர். கோவமா ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார். அது எனக்காகச் சொன்ன ஆறுதலா, உண்மையா என்று தெரியவில்லை. உண்மை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் மேரி ஒன்றை அடிக்கடி சொல்வாள். எங்கள் வேலையில் பாட்டிலில் பழைய வெள்ளி கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலும் போதும், புதிதாக வருகிற வெள்ளி கம்பியை விட்டுவிட்டு அங்கேதான் போய் உட்காரும். "பழைய கறை ஒண்ணு இருந்தா புதுசெல்லாம் அதுமேலதான் போய்ச் சேரும் டாக்டர். கழுவிடணும்." ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். உள்சுவரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கக்கூடாது, ஒரே படலமாக வழிய வேண்டும். நின்றால் இன்னும் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

ஆகவே, செலின் அக்கா, இனி யாராவது கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: என் தங்கச்சி கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை வளர்த்து, அவற்றின் மேல் வெள்ளியைச் செபமாலையாகக் கோத்தாள். வேலையே போனாலும் பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். ஆமாம், பாட்டிலும் கழுவினாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வேலையைத்தான். அவள் போன நாளிலிருந்து பாட்டில்களை நானே கழுவுகிறேன், வேறு யாரையும் தொட விடுவதில்லை. இன்று காலையும் மூன்று முறை கழுவி ஜன்னலோரம் தூக்கிப் பார்த்தேன். ஒரு பாட்டிலில் மட்டும் ஒரு முத்து நின்றது. மறுபடி கழுவினேன்.